போனைப் பிடுங்குவதற்கு முன்னால்: பிள்ளையை ஆன்லைனில் துன்புறுத்தினால் என்ன செய்வது?

எங்கள் கடை ஒரு மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று பதினோரு வருஷமாக இதுதான் பிழைப்பு. நாலைந்து வருஷமாக இன்னொரு வகை வாடிக்கையாளர்களும் வருகிறார்கள். கடையில் கூட்டம் குறையும்வரை வெளியே ஓரமாக நிற்பார்கள். அப்புறம் உள்ளே வந்து குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இதைப் பிரிண்ட் போட்டுக் குடுங்க, ஸ்டேஷன்ல கேட்டாங்க" என்று போனை நீட்டுவார்கள்.

மகள் பெயரில் யாரோ திறந்த போலி இன்ஸ்டாகிராம் கணக்காக இருக்கும். இல்லையென்றால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நாற்பது பேர் சேர்ந்து ஒரு பையனைக் கேலி செய்த உரையாடலாக இருக்கும். பத்தில் ஏழெட்டுப் பேர் கொண்டுவரும் ஸ்கிரீன்ஷாட் எதற்கும் உதவாது. தேதி இருக்காது, கணக்கின் பெயர் வெட்டுப்பட்டிருக்கும். "மறுபடி திறந்து சரியா எடுக்கலாமா?" என்று கேட்டால், "கோவத்துல எல்லாத்தையும் அழிச்சுட்டேன் அண்ணே" என்பார்கள். முதல் தடவையாக இதை எதிர்கொள்ளும் அப்பா, அம்மா, அண்ணன், அக்கா, வகுப்பு ஆசிரியர் ஆகியோருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் பத்து நிமிஷம்

பிள்ளை தானாக வந்து சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பல பேர் சொல்வதே இல்லை. வெட்கம் ஒரு காரணம்தான், ஆனால் போன் போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரியது. பிளஸ் ஒன் படிக்கும் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "அப்பாகிட்ட சொன்னா போனை வாங்கி வெச்சுக்குவாரு அண்ணா. அப்புறம் டியூஷன் கட். அடுத்தது ஸ்கூலும் கட்." அவள் கணக்கு தப்பில்லை. துன்புறுத்தியவன் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருப்பான், வீட்டில் உட்கார வைக்கப்படுவது இவளாக இருக்கும்.

அதனால் முதலில் மூன்று விஷயம் சொல்லுங்கள். நான் உன்னை நம்புகிறேன். இது உன் தப்பில்லை. போனை வாங்க மாட்டேன், சேர்ந்து பார்ப்போம். படத்தைப் பிள்ளையே யாருக்கோ அனுப்பியிருந்தாலும் இதேதான். "நீ எதுக்கு போட்டோ போட்ட?" என்ற கேள்வியை விழுங்கிவிடுங்கள். அது வாயிலிருந்து வந்துவிட்டால், அதற்குமேல் பிள்ளை சொல்வதெல்லாம் பாதிதான்.

2016 ஜூனில் சேலம் மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு பட்டதாரிப் பெண்ணின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் போலீஸில் புகார் கொடுத்தது. நடவடிக்கைக்குக் காத்திருந்த சில நாட்களுக்குள் இன்னொரு படம் வந்தது. அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டார். விசாரிப்பதற்கு லஞ்சமாக செல்போன் வாங்கியதாக ஒரு காவலர் மீது நடவடிக்கை பாய்ந்தது, மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் (எஸ்.பி.) மன்னிப்புக் கேட்டார். ஊரெல்லாம் பேசியது அதைத்தான். ஆனால் அவர் எழுதிவைத்த கடிதத்தில், பெற்றோரே தன்னை நம்பவில்லை என்ற வேதனையும் இருந்தது. எனக்கு மறக்காமல் நிற்பது அதுதான்.

பிள்ளை அமைதியானதும் இவற்றைக் கேளுங்கள்: எந்த ஆப், யார் என்று சந்தேகம் இருக்கிறதா, எப்போதிலிருந்து, பணம் கேட்டார்களா, நேரில் வரச் சொன்னார்களா? கடைசி இரண்டில் ஒன்றுக்கு "ஆமாம்" என்றால் அன்றைக்கே போலீஸ். பணம் கொடுத்துவிடாதீர்கள். ஒரு தடவை கொடுத்தால் அடுத்த வாரமும் கேட்பார்கள்.

பிள்ளை எதுவும் சொல்லவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை என்று தோன்றுகிறதா? மெசேஜ் சத்தம் கேட்டால் முகம் மாறுவது, கணக்கைத் திடீரென்று அழிப்பது, திங்கட்கிழமை தவறாமல் வயிற்று வலி வருவது, நெருங்கிய தோழியின் பெயரே பேச்சில் வராமல் போவது இதெல்லாம் ஜாடை. நாம் படித்த காலத்தில் கேலி பள்ளிக்கூட மணியோடு முடிந்தது. இப்போது அது போர்வைக்குள் ராத்திரி இரண்டு மணிக்கும் வருகிறது.

ஆதாரம்: அழிப்பதற்கு முன், பிளாக் செய்வதற்கு முன்

வரிசை முக்கியம். முதலில் ஆதாரம், அடுத்து தளத்துக்குப் புகார், கடைசியில்தான் பிளாக். முதலிலேயே பிளாக் செய்துவிட்டால் அந்தக் கணக்கின் பக்கமே உங்களுக்குத் தெரியாமல் போகலாம்.

ஸ்டேஷனில் படத்தைவிட லிங்க்கைத்தான் முதலில் கேட்பார்கள். "பிரியா" என்ற பெயரில் லட்சம் கணக்கு இருக்கும், பயனர் பெயரும் கணக்கின் லிங்க்கும்தான் அந்த ஒன்றைக் காட்டும். இன்ஸ்டாகிராமில் அந்தக் கணக்கின் பக்கத்துக்குப் போய் மேலே இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால் லிங்க்கை நகலெடுக்கலாம். அங்கேயே கணக்கைப் பற்றிய விவரத்தில், அது எந்த மாதம் தொடங்கப்பட்டது என்பதும் தெரியும். அதையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பயனர் பெயரை அவர்கள் நாளைக்கே மாற்றிவிடலாம், எனவே இன்றைக்கே எடுப்பது நல்லது.

ஸ்கிரீன்ஷாட்டில் போனின் மேல் ஓரத்து நேரம், அனுப்பியவர் பெயர், செய்தி மூன்றும் ஒன்றாகத் தெரிய வேண்டும். அழகுக்காக வெட்டாதீர்கள். உரையாடல் நீளமாக இருந்தால் ஸ்கிரீன் ரெக்கார்டிங் போட்டு மெதுவாக மேலிருந்து கீழே நகர்த்துங்கள். இன்ஸ்டா ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு முறை பார்க்கும்படி வரும் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. மிரட்டல் அப்படி வந்தால் இன்னொரு போனால் திரையைப் படம் பிடியுங்கள். வாட்ஸ்அப்பில் பெயர் முக்கியமில்லை, எண்தான் முக்கியம். குழு என்றால் குழுவின் பெயர், அட்மின் எண்கள், உரையாடலை ஏற்றுமதி செய்த கோப்பு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு அறுபது பக்க நோட்டில் தேதி, நேரம், ஆப், லிங்க், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள் என்று வரிசையாக எழுதிவையுங்கள். புகார் எழுதும்போது உங்கள் கை நடுங்கினாலும் நோட்டு நடுங்காது.

இப்போது ஒரு கடும் எச்சரிக்கை. படம் நிர்வாணமோ பாலியல் சம்பந்தப்பட்டதோ என்றால், பிள்ளை 18 வயதுக்குக் கீழ் என்றால், நகல் எடுக்காதீர்கள், பிரிண்ட் போடாதீர்கள், "இதைப் பாருங்க சித்தப்பா" என்று யாருக்கும் அனுப்பாதீர்கள். அப்படி ஒரு படத்தைப் பரப்புவது போக்சோ சட்டப்படியும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படியும் குற்றம். பகிராவிட்டாலும், வெறுமனே பார்ப்பதும் வைத்திருப்பதுமே குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மாறாக வந்திருந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்துதான் இப்படிச் சொன்னார்கள். எனவே லிங்க்கை மட்டும் எழுதிக்கொண்டு, போனை அப்படியே போலீஸிடம் காட்டுங்கள். என் கடையில் இந்த மாதிரிப் படங்களை நான் தொடுவதே இல்லை, கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

போனை ரீசெட் செய்யாதீர்கள், எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு நீதிமன்றத்தில் சான்றிதழ் வேண்டும், இப்போது அது பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63ஆம் பிரிவில் வருகிறது. அசல் கருவி கையில் இருந்தால் அந்த வேலை சுலபம். அப்புறம், "போலி ஐடியை யார் நடத்துறாங்கன்னு கண்டுபிடிச்சுத் தரேன், ஐயாயிரம் ஆகும்" என்று சொல்லும் ஹேக்கர் தம்பிகளை நம்பாதீர்கள். பணமும் போகும், உங்கள் பிள்ளையின் படம் இன்னொரு கைக்கும் போகும்.

தளத்துக்குப் புகார்

ஐம்பது நண்பர்களைக் கூட்டி ரிப்போர்ட் அடிக்கச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எண்ணிக்கையைப் பார்த்து நீக்குவதில்லை என்றுதான் இன்ஸ்டாகிராமே சொல்கிறது. சரியான காரணத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் வேலை செய்யும். போலிக் கணக்கு என்றால் "வேறொருவராக நடிக்கிறார்" என்ற வகை. அதைப் பாதிக்கப்பட்டவரோ அவரது பெற்றோரோ கொடுத்தால் பலன் அதிகம். கணக்கே இல்லாதவர்களும் உதவிப் பக்கத்தில் இருக்கும் படிவத்தின் வழியாகப் புகார் கொடுக்கலாம்.

அதோடு நிற்காமல் அந்த நிறுவனத்தின் இந்தியக் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். நம் நாட்டின் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, அந்தரங்கப் படம், ஆள்மாறாட்டம், முகத்தை மாற்றி ஒட்டிய படம் ஆகியவை குறித்துப் பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்தால், இரண்டு மணி நேரத்தைத் தாண்டாமல் அதை முடக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் (2026 பிப்ரவரி வரை இது 24 மணி நேரமாக இருந்தது). பதில் திருப்தி தராவிட்டால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். வக்கீல் தேவையில்லை.

18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் அந்தரங்கப் படம் என்றால் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது, அமெரிக்காவின் காணாமல்போன குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. பெரியவர்களுக்கு 'ஸ்டாப் என்சிஐஐ' (StopNCII). இரண்டிலும் படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து கைரேகை மாதிரி ஒரு எண்ணை மட்டும் உருவாக்கி, சேர்ந்திருக்கும் தளங்களுக்கு அனுப்புகிறார்கள். அங்கே அதே படம் ஏறினால் பிடிபடும். வாட்ஸ்அப்பில் கைமாறுவதை இது தடுக்காது, அதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

அவதூறு, வசவு மட்டும்தான் என்றால் பிளாக்கைவிட இன்ஸ்டாவில் 'ரெஸ்ட்ரிக்ட்' சில சமயம் நல்லது. அவர் போடும் கமெண்ட் அவருக்கு மட்டும்தான் தெரியும், தன்னை ஒதுக்கிவிட்டார்கள் என்பதே அவருக்குத் தெரியாது. ஒரே வகுப்பில் தினமும் முகம் பார்க்கும் பிள்ளைகளுக்கு இது நிம்மதி.

ஸ்டேஷனுக்குப் போகும்போது

இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஒரு காலத்தில் எல்லாவற்றுக்கும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைப் போட்டார்கள், 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று தள்ளிவிட்டது. இன்றும் யாராவது "66ஏ போடுங்க ஸார்" என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். அதே சட்டத்தில் இப்போது பொருந்துவது இவை: அடுத்தவர் அடையாளத்தைத் திருடினால் 66சி, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி, அந்தரங்க உறுப்புகளைப் படமெடுத்துப் பரப்பினால் 66இ, ஆபாசம் என்றால் 67, 67ஏ, அதுவே குழந்தை என்றால் 67பியும் போக்சோவும். பெண்ணை இணையத்தில் பின்தொடர்வது, மிரட்டுவது எல்லாம் 2024 ஜூலை முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் வருகின்றன. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் பிரிவு எண்ணை எழுத வேண்டியதில்லை, நடந்ததை எழுதினால் போதும். எல்லாக் கேலியும் குற்றமாகாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். "குண்டு பூசணி" என்று பத்துப் பேர் கமெண்ட் போட்டதற்கு எஃப்ஐஆர் கிடைப்பது கஷ்டம். அதற்குப் பள்ளிக்கூடம்தான் வழி.

புகார் கொடுக்க மூன்று இடம் உண்டு: உள்ளூர் ஸ்டேஷன், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம், cybercrime.gov.in என்ற தேசிய இணையதளம். இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது, அங்கே பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். ஆனால் பெயரில்லாப் புகாரைப் பின்தொடர முடியாது. இணையக் குற்ற உதவி எண் 1930. குழந்தை ஆபத்தில் இருந்தால் 1098.

புகார் ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். நான் டைப் அடித்துக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"என் மகள், வயது 15, பெயரிலும் புகைப்படத்திலும் இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு ஒன்று இயங்குகிறது. பயனர் பெயர் இது, லிங்க் இது. இந்தத் தேதி இரவு 9.40 மணிக்கு இந்தப் பதிவு வந்தது. அன்றிலிருந்து இன்று வரை ஆறு பதிவுகள், விவரம் இணைப்பில். கணக்கை முடக்கவும், அதன் பதிவு விவரங்களையும் ஐபி முகவரிகளையும் நிறுவனத்திடமிருந்து பெற்றுப் பாதுகாக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கணக்கை நீக்கிவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாதோ என்று பலர் பயப்படுகிறார்கள். நீக்கிய பின்னும் 180 நாளைக்கு அந்தத் தகவலை வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் நீக்கச் சொல்லத் தயங்க வேண்டாம், ஆனால் புகாரை ஆறு மாதம் ஆறப்போடவும் வேண்டாம்.

கொடுத்ததும் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் எண் போட்டுத் தரும் சீட்டு) வாங்குங்கள், எஃப்ஐஆர் என்றால் அதன் இலவச நகலைக் கேளுங்கள். "இது எங்க லிமிட் இல்ல" என்று திருப்பி அனுப்ப முடியாது, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் எஃப்ஐஆர் போடலாம், அதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர் என்பார்கள். மின்னஞ்சலிலோ ஆன்லைனிலோ கொடுத்திருந்தால் மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கவே மாட்டேன் என்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

போக்சோ வழக்கு என்றால் பிள்ளையை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டிய அவசியமில்லை. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடியவரை பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். பெயரோ பள்ளியோ வெளியே வரக்கூடாது. இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் செய்கிறார்கள்.

பள்ளிக்கூடம், அந்த ஸ்டிக்கர்

பையன்களுக்கு நடப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்பதாவது படிக்கும் ஒரு தம்பி பஸ் பாஸ் லேமினேஷனுக்கு வந்தான். வகுப்பில் கொட்டாவி விட்டபோது யாரோ அவனைப் படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கராக மாற்றியிருக்கிறார்கள். காலையில் குட்மார்னிங்குக்கு அவன் முகம், சார் வீட்டுப்பாடம் கொடுத்தால் அவன் முகம், கிரிக்கெட்டில் விக்கெட் போனால் அவன் முகம். "அண்ணா, ஒரு ஸ்டிக்கரை எல்லாரு போன்லேர்ந்தும் அழிக்க முடியுமா?" என்று கேட்டான். முடியாது என்று சொன்னேன். பேசாமல் பாஸை வாங்கிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் முகக்கவசம் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருவதைப் பார்த்தேன்.

இது போலீஸ் விஷயம் இல்லை. ஸ்டிக்கரை அழிக்க முடியாது, ஆனால் அனுப்புவதை நிறுத்தவைக்கலாம். வகுப்பு ஆசிரியரிடம் தனியாக, கையில் நோட்டோடு போங்கள். தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: வகுப்பில் எழுப்பி நிறுத்தி "இவனை யாரும் கேலி பண்ணாதீங்க" என்று சொல்ல வேண்டாம் என்று கேளுங்கள். அதைவிடக் கொடுமை இல்லை. பள்ளி அசையாவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் 14417. கல்லூரி என்றால் தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங் தடைச் சட்டம் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் சீனியர்கள் ஜூனியர்களைத் துன்புறுத்துவதும் ராகிங்தான் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2025இல் சொல்லியிருக்கிறது. அவர்களுடைய இலவச எண் 1800-180-5522.

எதிர்த்தரப்புப் பையன் வீட்டு வாசலில் போய் நிற்காதீர்கள். அது இரண்டு குடும்பத்துச் சண்டையாகி, சில ஊர்களில் இரண்டு தெருச் சண்டையாகவும் ஆகிவிடும். அவனும் 18க்குக் கீழ்தான் என்றால் வழக்கு சிறார் நீதி வாரியத்துக்குப் போகும், ஜெயிலுக்கு அல்ல. அவன் படத்தைப் போட்டுப் பழி தீர்த்தால் அடுத்த புகார் உங்கள் பேரில் வரும்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்வது

புகார், ரசீது, அலைச்சல் என்று நாம் ஓடும்போது பிள்ளை தனியாக இருக்கும். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, படிப்பில் மனம் நிற்காமல், தன்னையே வெறுக்க ஆரம்பிக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் மனநல மருத்துவரைப் பாருங்கள், மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே இருக்கிறார்கள்.

"நான் இல்லாம போயிட்டா நல்லாருக்கும்" என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அதை நாடகம் என்று தள்ளாதீர்கள். "செத்துப் போகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்பது தப்பு, கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கும். தனியாக விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. 104ம் உண்டு. அந்த எண்களைப் பிள்ளையின் போனிலும் பதிந்து கொடுங்கள். போன் அவன் கையிலேயே இருக்கட்டும் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

செட்டிங்ஸ் வேலை ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். கணக்கை தனிப்பட்டதாக வையுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள், வாட்ஸ்அப்பில் யார் குழுவில் சேர்க்கலாம் என்பதைத் தொடர்புகளுக்கு மட்டும் என்று மாற்றுங்கள், டேக் செய்வதைக் கட்டுப்படுத்துங்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து செய்யட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள். பெரும்பாலும் அவர்களுக்குத்தான் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நீக்கிய கணக்கு வேறு பெயரில் திரும்பி வருவது சகஜம். மூன்று மாதத்துக்கு வாரம் ஒரு தடவை பிள்ளையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் போட்டுத் தேடிப் பாருங்கள். வந்திருந்தால் அதே நோட்டு, அதே வரிசை, பழைய சிஎஸ்ஆர் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு பக்கப் புகார். தேடும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள், நீங்களே உங்கள் போனில் செய்யுங்கள்.